ஹோர்மோன் குளிசை நின்ற பிறகு எங்கட உம்மா



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். பெண்கள் விஷயம்தானே என்று ஆண்கள் தாண்டிப் போக வேண்டாம். உங்களுக்கும் உம்மா இருக்கிறார், மனைவி இருக்கிறார், ராத்தா இருக்கிறார்.

இதில் "நாங்கள்" என்று வருவது உம்மாவின் மூன்று பெண்மக்களாகிய எங்களைத்தான். மூவருமே முப்பதுகளில் இருக்கிறோம். உம்மாவிடம் அனுமதி கேட்டு, எழுதியதை வாசித்துக் காட்டி, "அத எடு, இத வை" என்று அவர் சொன்னபடி திருத்தித்தான் போடுகிறோம். "நாலு பொம்புளைக்குப் பிரயோசனப்படும் என்டா எழுதுங்க புள்ள, எனக்கு ஒரு வெக்கமும் இல்ல" என்றார்.

எங்கட ஊர்களில் ஒரு பிள்ளை பெரியபிள்ளை ஆனால் தெருவுக்கே தெரியும். முட்டையும் நல்லெண்ணெயும் உழுத்தங்களியும் கொடுத்து வீடே கவனிக்கும். பாடசாலையில் நாங்களும் அதைப் படிப்பிக்கிறோம். ஆசிரியர் கலாசாலையில் கட்டிளமைப் பருவத்து மாற்றங்களைப் பக்கம் பக்கமாக எழுதினோம். ஆனால் அதே மாதவிடாய் நிற்கிற வயதில் ஒரு பெண்ணுக்கு என்ன நடக்கிறது என்று வீட்டிலும் கதைப்பதில்லை, வகுப்பிலும் கதைப்பதில்லை. "நின்டுட்டு" என்று ஒரு சொல். அதோடு முடிந்துவிடும்.

முடிவதில்லை. எங்கட வீட்டில் நடந்ததை வைத்தே சொல்கிறோம்.

உம்மாவுக்கு 2017இல், 48 வயதில் மாதவிடாய் நின்றது. தொடர்ந்து 12 மாதம் வராவிட்டால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. பொதுவாக 45க்கும் 55க்கும் இடையில் நடக்கும். சிலருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. உம்மாவுக்கோ ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை நெஞ்சிலிருந்து முகத்துக்குத் தீ ஏறுவது போல் இருக்கும். இரவில் தலையணை நனையும். நெஞ்சு படபடக்கும். இதய நோயாக்கும் என்று பயந்து ஈ.சி.ஜி. எடுத்தோம், ஒன்றும் இல்லை. கடைசியில் வீ.ஓ.ஜி. டொக்டரைச் சனல் பண்ணித்தான் ஹோர்மோன் மாற்றுச் சிகிச்சை தொடங்கியது. வீட்டில் நாங்கள் அதை ஹோர்மோன் குளிசை என்றுதான் சொல்வோம்.

அதில் இரண்டு ஹோர்மோன் இருந்தது. சூட்டையும் வியர்வையையும் அடக்குவது ஈஸ்ட்ரஜன். ஆனால் கர்ப்பப்பை உள்ளவருக்கு ஈஸ்ட்ரஜனை மட்டும் கொடுத்தால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்து, நாளடைவில் புற்றுநோய்க்கு வழி வைக்கலாம். அதைத் தடுக்கத்தான் புரொஜெஸ்டரோன் வகை மற்ற ஹோர்மோன். கர்ப்பப்பை எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது. ஒருவருக்கு எழுதிய குளிசையை இன்னொருவர் வாங்கிக் குடிக்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஒரு மாதத்துக்குள் உம்மா பழைய உம்மாவானார். ஐந்து வருடம் நல்லபடி போனது.

பிறகு 2022 வந்தது. அந்த வருடத்தை யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. டொலர் இல்லை, மருந்து இல்லை. நாங்கள் ஏறி இறங்கிய பார்மசி எதிலும் உம்மாவின் குளிசை இல்லை. கையில் இருந்த கடைசிப் பட்டை மார்ச் மாதத்தோடு முடிந்தது. அதே நாட்களில்தான் கரண்ட் 13 மணித்தியாலம் வரை நின்றது. ஏப்ரல் தொடக்கத்தில் நோன்பும் வந்தது.

குளிசை நின்று மூன்றாம் கிழமை எல்லாம் திரும்பியது. அதே தீ, அதே வியர்வை. இந்த முறை இரவில் பேனும் இல்லை. உம்மா சீமெந்துத் தரையில் ஈரத் துவாயை விரித்துப் படுத்தார். நித்திரை இல்லாத ஆள் சஹருக்கு எழும்பி எல்லோருக்கும் சோறு வைத்தார். பகலில் ஒரு சின்னச் சொல்லுக்கும் கண் கலங்கியது. வாப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னத்துக்கு இவ்வளவு கோபம்?" என்று கேட்டுக்கேட்டே களைத்துப் போனார். பார்க்க வந்த சொந்தக்காரப் பெண்கள், "வயசு போனா அப்பிடித்தான், சபுர் செய்ங்க" என்றார்கள்.

சபுர் செய்வதில் உம்மா எங்கள் எல்லோரையும் விடக் கெட்டி. அவருக்குத் தேவைப்பட்டது விளக்கம். நோன்புப் பெருநாள் முடிந்ததும் டொக்டரிடம் கூட்டிப் போனோம். அங்கே தெரிந்துகொண்டதை அப்படியே எழுதுகிறோம்.

ஹோர்மோன் குளிசையை நிறுத்தும் பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அந்தச் சூடு திரும்பும். நோய் முற்றிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. குளிசை மூடி வைத்திருந்தது வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான். மெதுவாக அளவைக் குறைத்து நிறுத்தினால் முதல் சில மாதங்கள் லேசாக இருக்கலாம். நீண்ட காலத்தில் பார்த்தால், குறைத்து நிறுத்தியவருக்கும் சட்டென்று நிறுத்தியவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. "திடீரென்டு நின்டதால எனக்கு ஏதோ பழுதாப் போயிட்டு" என்று உம்மா மனதுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தார். இதைக் கேட்டதும்தான் அந்தப் பயம் விட்டது.

திரும்பத் தொடங்கலாமா என்றும் கேட்டோம். இந்தக் குளிசையைப் பற்றி ஊரில் உள்ள பயம் பெரும்பாலும் 2002இல் அமெரிக்காவில் இடைநடுவில் நிறுத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்விலிருந்து வந்தது. அதில் 16,000க்கு மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். இரண்டு ஹோர்மோனும் சேர்த்து எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், இரத்தக்கட்டி ஆகியவை கொஞ்சம் கூடுதலாகக் காணப்பட்டன. ஆனால் அந்தப் பெண்களின் சராசரி வயது 63. பிறகு வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, 60 வயதுக்குட்பட்ட அல்லது மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள் உள்ள ஆரோக்கியமான பெண்களுக்குப் பெரும்பாலும் நன்மைதான் கூட என்று தெரிந்தது. ஆகவே எல்லோருக்கும் நஞ்சு என்பதும் பிழை, எல்லோருக்கும் நல்லது என்பதும் பிழை. அந்த நேரம் உம்மாவின் பிரஷர் கூடியிருந்தது, மருந்தும் தொடர்ந்து கிடைக்கும் என்ற நிச்சயம் இல்லை. டொக்டரும் உம்மாவும் கதைத்து, திரும்பத் தொடங்குவதில்லை என்று முடிவெடுத்தார்கள். உங்கள் உம்மாவுக்கு வேறு முடிவு சரியாக இருக்கலாம். அதை உங்கள் டொக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

இனி குளிசை இல்லாமல் என்ன செய்தோம்?

முதல் வேலையாக ஒரு சிங்கிள் ரூல் கொப்பி வாங்கினோம். இரண்டு கிழமை, சூடு வந்த நேரம், அதற்கு முன் சாப்பிட்டது, குடித்தது, உடுத்திருந்தது எல்லாவற்றையும் எழுதினோம். கொப்பி நிறையச் சொன்னது. கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பிளேன்டீக்குப் பிறகு வந்தது. உறைப்புக் கறிக்குப் பிறகு வந்தது. அடுப்படியில் பின்நேரம் நின்றால் வந்தது. வெளியே போகும்போது உடுக்கும் கறுப்பு நைலக்ஸ் அபாயாவில் கட்டாயம் வந்தது. எல்லோருக்கும் இதே காரணங்கள் இருக்காது. அதனால்தான் எழுதிப் பார்க்கச் சொல்கிறோம்.

தேத்தண்ணியை ஆற வைத்துக் குடித்தார். அபாயாவைப் பருத்தித் துணியில், வெளிர் நிறத்தில் தைத்துக்கொண்டார். தையல் அவருடைய தொழில்தான். தொழுகைக்கும் பருத்தி உடுப்பு இரண்டு தைத்தார். இரவில் தலைமாட்டில் தண்ணீர்ப் போத்தலும் மாற்றுச் சட்டையும் இருக்கும். இவை மருந்து அல்ல. சூடு வருவதை நிறுத்தாது, வந்த சூட்டைத் தாங்க உதவும்.

சூட்டுக்கு உதவும் என்று ஆய்வுகளில் கண்ட வேறு வழிகளும் உண்டு. ஒன்று எடையைக் குறைப்பது. உம்மா ஒரு வருடத்தில் ஆறு கிலோ குறைத்தார். இன்னொன்று, சூடு வரும்போது மனதில் ஓடும் எண்ணத்தை மாற்றப் பழகுவது. அறிவு நடத்தைச் சிகிச்சை என்று இதைச் சொல்வார்கள். "எல்லாரும் என்னயே பாக்குறாங்க, மயங்கி விழப்போறன்" என்ற எண்ணம் சூட்டின் தொல்லையை இரட்டிப்பாக்கும். "இது ரெண்டு மூணு நிமிசத்தில போயிரும்" என்று சொல்லப் பழகினால் தொல்லை குறையும். உம்மா அதோடு திக்ரையும் சேர்த்துக்கொண்டார்.

மூன்றாவது, ஹோர்மோன் இல்லாத குளிசைகள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் வகையைச் சேர்ந்த சில குளிசைகள் குறைந்த அளவில் இந்தச் சூட்டைக் குறைக்கும். டொக்டர் எழுதித் தந்தபோது உம்மா தயங்கினார். "நான் என்ன பைத்தியமா?" என்று கேட்டார். ஒரே மருந்து இரண்டு வேலை செய்யும் என்று டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். எட்டு மாதம் எடுத்து, பிறகு அவர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். அந்தக் குளிசையைத்தான் சட்டென்று நிறுத்தக் கூடாது.

இடையில் ஒருவர் வட்ஸ்அப்பில் "ஹோர்மோனைச் சமப்படுத்தும் இயற்கைத் தூள்" என்று ஒரு டப்பாவை 6,500 ரூபாவுக்கு விற்றார். டப்பாவில் என்ன சேர்ந்திருக்கிறது என்றுகூட எழுதியிருக்கவில்லை. கேட்டால் பதில் இல்லை. இயற்கை என்று எழுதினால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. கருஞ்சீரகம் எங்கட வீட்டில் எப்போதும் இருக்கிறது, இப்போதும் உம்மா எடுக்கிறார். ஆனால் கொப்பியைப் பார்த்தால், அதனால் சூடு குறைந்ததாகத் தெரியவில்லை. சுன்னத் என்ற நிய்யத்தோடு எடுங்கள். டொக்டரின் மருந்தை அதற்காக விட்டுவிடாதீர்கள்.

சூடு நாளடைவில் தணியும். பல பெண்களுக்குச் சராசரியாக ஏழு வருடம் அளவில் என்கிறார்கள், சிலருக்கு அதைவிட நீளும். உம்மாவுக்கு இப்போது கிழமைக்கு இரண்டு மூன்று தடவைதான். எங்களுக்குப் பெரிய பாடமாக இருந்தது வேறு ஒன்று. தானாகத் தணியாத விஷயங்களும் இருக்கின்றன. சத்தம் போடாமல் வருவதால் அவற்றை யாரும் கவனிப்பதில்லை.

ஒன்று எலும்பு. ஹோர்மோன் குளிசை எடுக்கும் வரை அது எலும்பையும் காத்தது. நிறுத்திய பிறகு அந்தக் காவல் படிப்படியாக இல்லாமல் போகும். எங்கட உம்மும்மா குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, அதற்குப் பிறகு நடக்கவே இல்லை. அதை நினைத்துத்தான் உம்மாவின் விஷயத்தில் உஷாரானோம். 50 வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் அளவு கல்சியம் வேண்டும். ஒரு கப் பாலில் சுமார் 300 தான் இருக்கிறது. முள்ளோடு மெல்லும் நெத்தலிக் கருவாடு, தயிர், எள்ளு, கீரை எல்லாம் நல்லது. சாப்பாட்டில் போதாததற்கு மட்டும் குளிசை. அதையும் மொத்தமாகப் போடாமல் பிரித்துப் போட்டால்தான் உடம்பு நன்றாக உறிஞ்சும். நோன்பு காலத்தில் சஹரோடு ஒன்று, நோன்பு திறந்து சாப்பிட்ட பிறகு ஒன்று.

வெயில் நிறைந்த நாட்டில் இருந்தும் எங்கட பெண்களின் தோலில் வெயில் படுவது குறைவு. மறைவான பின் முற்றத்தில் கையையும் காலையும் கொஞ்ச நேரம் வெயிலில் காட்டலாம். டொக்டர் சொன்னால் விட்டமின் டி எடுக்கலாம். எல்லாவற்றையும் விட முக்கியம் நடை. உம்மா சுபஹ் தொழுதுவிட்டுச் சாச்சியோடும் பக்கத்து வீட்டு மாமியோடும் கடற்கரை வரை நடக்கிறார். முதலில் மூன்று பேர், இப்போது பதினொரு பேர்.

இரண்டாவது, யாரும் வாய் திறக்காத விஷயம். ஈஸ்ட்ரஜன் குறைந்தால் பெண்ணுறுப்பின் தோல் மெலிந்து வறண்டு போகும். எரியும். கணவனோடு சேர்வது வலியாகும். அடிக்கடி சலக்கடுப்பு வரும். சிரித்தால், இருமினால் ஒரு துளி சிறுநீர் போகும். உழூ முறிந்ததா, உடுப்பு நஜீஸா என்ற கவலையில் எத்தனை பெண்கள் தராவீஹுக்குப் பள்ளிக்கு வருவதையே விட்டிருக்கிறார்கள் தெரியுமா? "இவவுக்கு இப்ப என்னில பிரியமில்ல" என்று கணவன் நினைக்கிறார். வலிக்கிறது என்று சொல்ல மனைவிக்கு வெட்கம்.

சூட்டைப் போல இந்த வறட்சி தானாகக் குணமாகாது. விட்டால் கூடும். ஆனால் மருந்து உண்டு. ஹோர்மோன் இல்லாத ஈரப்பதக் கிறீம்கள் இருக்கின்றன. உள்ளே வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரஜன் கிறீமும் இருக்கிறது. அது இரத்தத்தில் மிகச் சிறிதளவுதான் சேரும், ஆகவே வாயால் விழுங்கும் குளிசையையும் அதையும் ஒன்றாக எண்ண வேண்டாம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் தங்கள் டொக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. சிறுநீர்க் கசிவுக்கு இடுப்படித் தசைப் பயிற்சி இருக்கிறது. தொழுகைக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. விவரம் தெரிந்த ஆலிமாவிடம் கேளுங்கள்.

மூன்றாவது, இரத்தம். இந்தப் பதிவில் வேறு எல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

குளிசையை நிறுத்தி ஒரு வருடம் கழித்து உம்மா உள்ளாடையில் ஒரு சின்னக் கறை கண்டார். எங்கட ஊரில் ஒரு பெண்ணுக்கு இப்படி வந்தால் முதலில் எழும் கேள்வி, "தொழலாமா, தொழக்கூடாதா?" என்பதுதான். நல்ல கேள்வி, கேட்கத்தான் வேண்டும். பதில் கிடைத்ததும் பல பெண்கள் அதோடு நின்றுவிடுகிறார்கள். மார்க்கச் சட்டம் தெரிந்துவிட்டதால் விஷயம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடியவில்லை. மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு துளி இரத்தம் வந்தாலும் டொக்டரைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு தடவை வந்து நின்றாலும் பார்க்க வேண்டும். கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளம் அதுவாக இருக்கலாம்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அப்படி இரத்தம் வருகிற பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. உம்மா மௌலவியிடம் கேட்ட அதே கிழமை டொக்டரிடமும் போனார். ஸ்கேனில் கர்ப்பப்பை உட்சுவர் 3 மில்லிமீற்றர். 4 அல்லது அதற்குக் குறைவு என்றால் பயம் மிகக் குறைவு, ஆனால் திரும்ப வந்தால் திரும்ப வரவேண்டும் என்றார் டொக்டர். காரணம், மேலே சொன்ன வறட்சிதான். கிறீம் எழுதித் தந்தார். அல்ஹம்துலில்லாஹ், பிறகு வரவில்லை. அந்தப் பத்தாவது பெண்ணாக இருந்திருந்தாலும், ஆரம்பத்திலேயே போனதால் குணமாகும் வாய்ப்பு அதிகமாக இருந்திருக்கும்.

இன்னும் ஒன்று. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இதய நோயின் ஆபத்து கூடுகிறது. எம்.ஓ.எச். அலுவலகங்களில் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. பிரஷர், சீனி, மார்பகம், கர்ப்பப்பைக் கழுத்து எல்லாம் காசில்லாமல் பார்ப்பார்கள். 35 வயதிலும் 45 வயதிலும் மிட்வைஃப் வீட்டுக்கே வந்து கூப்பிடுவார். போவதற்குத்தான் ஆளில்லை. பெண் டொக்டர் எந்த நாள் இருப்பார் என்று அவரிடமே கேட்டுக்கொண்டு போங்கள். எங்கள் மூவரில் மூத்தவர் போய் வந்துவிட்டார், மற்ற இருவரும் முறை வரும்போது போவோம்.

கணவன்மாருக்கு ஒரு வேண்டுகோள். வாப்பா பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. டொக்டரிடம் ஒரு தடவை கூடவே வந்து உட்கார்ந்து கேட்டார். அதற்குப் பிறகு "என்னத்துக்குக் கோபம்?" என்று கேட்பதை விட்டுவிட்டார். இரவில் உம்மா எழும்பினால் அவரும் எழும்பி ஜன்னலைத் திறந்துவிடுவார். நோன்பில் சஹருக்குச் சோறு வைப்பது இப்போது அவருடைய வேலை. உம்மாவிடம் எது கூடுதலாக உதவியது என்று கேட்டால், குளிசையைச் சொல்ல மாட்டார், இதைத்தான் சொல்வார்.

அதிபர்மாருக்கும் ஒரு வேண்டுகோள். எங்கட பாடசாலைகளில் 50 தாண்டிய ஆசிரியைகள் எத்தனையோ பேர். ஓய்வு பெற 60 வயது வரை இருக்கிறது. தகரக் கூரை வகுப்பில், இரண்டாம் மாடியில், பேன் இல்லாமல் ஆறு பாடம் எடுப்பது அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். நேரசூசி போடும்போது கீழ்மாடி வகுப்பொன்றைக் கொடுக்கலாம். அதற்குச் சுற்றுநிருபம் தேவையில்லை.

பிள்ளைகளுக்கு, இந்தக் கிழமை உங்கள் உம்மாவிடம் இந்த நான்கையும் கேளுங்கள். இரவில் நித்திரை வருகிறதா? எரிவு, வலி ஏதும் இருக்கிறதா? நின்ற பிறகு எப்போதாவது இரத்தம் கண்டதா? கடைசியாக பிரஷர் பார்த்தது எப்போது? மகன்மார் கேட்க வெட்கப்பட்டால் மனைவியை, தங்கச்சியைக் கேட்கச் சொல்லுங்கள். முதல் தடவை "ஒன்டுமில்ல மகன்" என்றுதான் பதில் வரும். இரண்டாம் தடவையும் கேளுங்கள்.

எங்கட உம்மாமாருக்கு அல்லாஹ் ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.